வாடகை வீடு மறுக்கப்பட்டால் மனித உறவுகள் ஆணையத்தை நாடலாமா?

கேள்வி: பென்சில்வேனியா வாசி

வணக்கம். பென்சில்வேனியாவில் ஒரு நடுத்தர நகரத்தில் மனைவி, இரண்டு குழந்தைகளுடன் வசிக்கிறேன். சென்ற மாதம் ஒரு வாடகை வீட்டைப் பார்க்கத் தொலைபேசியில் நேரம் கேட்டேன். என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி முடித்ததும் மறுமுனையில் சற்று மௌனம். பிறகு அந்த வீடு முந்தைய நாளே போய்விட்டதாகச் சொன்னார்கள். அன்று மாலையே என்னுடன் பணிபுரியும் வெள்ளைக்கார நண்பர் அதே எண்ணுக்கு அழைத்தபோது, சனிக்கிழமை வந்து பார்க்கலாம் என்று அவருக்கு நேரம் கொடுத்தார்கள். அடுத்த வாரம் வேறொரு வீட்டைப் பார்க்கப் போனோம். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் அந்த உரிமையாளர், "உங்கள் சமையல் வாசனை சுவரில் ஏறிவிட்டால் போகவே போகாது" என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பிவிட்டார்.

எங்கள் நகரத்தில் மனித உறவுகள் ஆணையம் என்று ஒன்று இருக்கிறது, அங்கே போய்ச் சொல்லுங்கள் என்கிறார் நண்பர். அதன் இணையப் பக்கத்தைப் பார்த்தால் பண்பாட்டு விழாப் படங்களும் பள்ளி மாணவர்களுக்கான கட்டுரைப் போட்டி அறிவிப்பும்தான் கண்ணில் படுகின்றன. இது புகாரை விசாரிக்கும் அமைப்பா, விழா நடத்தும் அமைப்பா? எச்-1பி வேலை விசாவில் இருப்பவன் புகார் கொடுத்தால் பின்னால் ஏதும் சிக்கல் வருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: முன்னாள் ஆணையர்

வேறொரு மாநிலத்தில், மேயரால் நியமிக்கப்பட்டு இத்தகைய ஆணையம் ஒன்றில் ஆறாண்டுகள் ஊதியமில்லாத உறுப்பினராக இருந்தேன். உங்கள் குழப்பம் நியாயமானது. அந்தப் பெயருக்குள்ளேயே அதன் வரலாறும் இருக்கிறது.

1919-இல் சிகாகோவில் நடந்த இனக்கலவரத்தில் 38 பேர் இறந்த பிறகு, கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்த ஓர் ஆணையம் அமைக்கப்பட்டு, அது கலவரத்தின் காரணங்களை ஆராய்ந்து 1922-இல் விரிவான அறிக்கையொன்றை வெளியிட்டது. 1943-இல் டெட்ராய்ட்டில் 34 பேர் இறந்தனர். அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸில் மெக்சிக வம்சாவளி இளைஞர்களைப் படைவீரர்கள் தெருவில் இழுத்துப்போட்டு அடித்தார்கள். அதன் பின்பு நகரங்களும் கவுண்ட்டிகளும் (நம் மாவட்டங்களைப் போன்றவை) ஒவ்வொன்றாகக் குழுக்களை அமைக்கத் தொடங்கின. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்ட்டியின் இன்றைய ஆணையம் 1944-இல் தொடங்கிய அத்தகைய ஒரு குழுவின் தொடர்ச்சிதான். அன்று அவற்றின் கையில் சட்டம் எதுவும் இல்லை. எதிரெதிர்த் தரப்பினரை ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேசினால் உறவு சீராகும் என்ற நம்பிக்கை மட்டுமே இருந்தது. "மனித உறவுகள்" என்ற பெயர் அந்த நம்பிக்கையிலிருந்து வந்தது. புகாரை விசாரிக்கும் அதிகாரம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. உங்கள் மாநிலத்தில் அதற்கான சட்டம் 1955-இல் வந்தது. வேலைவாய்ப்புப் பாகுபாட்டுக்கான கூட்டாட்சிச் சட்டம் 1964-இலும், வீட்டுவசதிப் பாகுபாட்டுக்கானது 1968-இலும் வந்தன.

ஆகவே இன்று ஒரே பெயரில் இரண்டு வகை ஆணையங்கள் உள்ளன. ஒரு வகைக்குப் புகாரைப் பதிவு செய்யவும், ஆவணங்களைக் கேட்டுப் பெறவும், பொது விசாரணை நடத்தவும், நிவாரணம் வழங்க ஆணையிடவும் அதிகாரம் உண்டு. மற்றொரு வகை நகர மன்றத்துக்கு ஆலோசனை சொல்வதோடும் விழிப்புணர்வு நிகழ்ச்சிகளோடும் நின்றுவிடும். உங்களுடையது எந்த வகை என்பதை விழாப் படங்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆணையத்தை உருவாக்கிய நகரச் சட்டத்தின் வாசகத்தை எடுத்து, "அதிகாரங்களும் கடமைகளும்" என்ற பகுதியைப் படியுங்கள். அது ஆலோசனை வகையாக இருந்தாலும் கவலையில்லை: பென்சில்வேனியா மாநில மனித உறவுகள் ஆணையத்துக்கு விசாரணை அதிகாரம் உண்டு, நேராக அங்கேயே போகலாம்.

இரண்டாவது வீட்டைப் பற்றி ஒரு நுணுக்கம். உரிமையாளர் தானே குடியிருக்கும் நான்கு வீடுகளுக்கு உட்பட்ட சிறிய கட்டடங்களுக்கு 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. ஆனால் அந்த விலக்கு, பாகுபாடு தொனிக்க விளம்பரம் செய்வதற்கோ பேசுவதற்கோ பொருந்தாது. வாடகைக்கு விடுவது தொடர்பாக உரிமையாளர் உதிர்த்த அந்த வாசனைப் பேச்சு விசாரணையில் முக்கியமாகக்கூடும். மேலும், இனத்தின் பேரில் சொத்துரிமையை மறுப்பதைத் தடுக்கும் 1866-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நெடுங்காலம் தூங்கிக் கிடந்தது. அது தனியார் உரிமையாளர்களையும் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் 1968-இல் தீர்ப்பளித்தது. அதில் இத்தகைய விலக்கு எதுவும் இல்லை.

பதில் 2: வாடகை வீட்டில் குடியிருப்பவள்

நான் புகார் கொடுத்தவள் என்பதால் நடைமுறையை மட்டும் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்பு நாட்களை எண்ணுங்கள். உங்கள் மாநில ஆணையத்தில் சம்பவம் நடந்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் புகார் பதிவாக வேண்டும். மத்திய வீட்டுவசதித் துறையில் ஓராண்டு வரை கால அவகாசம் உண்டு. "இன்னும் ஒருமுறை பேசிப் பார்க்கலாம்" என்று நாளைக் கடத்துவதில்தான் நம்மவர்கள் பலர் வாய்ப்பை இழக்கிறார்கள்.

என்னிடம் விசாரணை அதிகாரி முதலில் கேட்டது, நான் எவ்வளவு மனம் புண்பட்டேன் என்பதையல்ல. எத்தனை மணிக்கு அழைத்தீர்கள், எந்த எண்ணுக்கு, எடுத்தவர் தம் பெயரைச் சொன்னாரா, அருகில் யார் இருந்தார்கள் என்று கேட்டார். நல்லவேளையாகக் கைபேசியில் அழைப்புப் பட்டியல் அழியாமல் இருந்தது. விளம்பரத்தைப் படமெடுத்து வைக்கத் தவறியிருந்தேன், அதற்குள் அதை எடுத்துவிட்டார்கள். நீங்கள் இன்றைக்கே படமெடுத்து வையுங்கள். உங்கள் நண்பரையும் அவர் அழைத்த நேரத்தையும் அங்கே சொன்னதையும் நினைவு மங்குமுன் எழுதித் தேதியிட்டு வைக்கச் சொல்லுங்கள். உண்மையில் நீங்கள் இருவரும் அறியாமலேயே ஒரு சோதனையைச் செய்துவிட்டீர்கள். ஒரே வருமானம், ஒரே தேவை என்று சொல்லிக்கொண்டு இரு வேறு இனத்தவரை ஒரே வீட்டுக்கு அனுப்பிப் பதிலை ஒப்பிடுவது வீட்டுவசதி நியாயத்துக்காக உழைக்கும் அமைப்புகளின் பழைய முறை. அப்படிச் சோதிக்கச் சென்று பொய்யான பதில் பெற்றவருக்கே வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் கூறியிருக்கிறது.

பதிவான பின் எதிர்த்தரப்புக்கு நகல் போகும், அவர்கள் எழுத்தில் பதில் தர வேண்டும், இடையில் சமரசத்துக்கு விருப்பமா என்று இரு தரப்பையும் கேட்பார்கள். என் விஷயம் ஏழு மாதம் இழுத்துச் சமரசத்தில் முடிந்தது: எனக்கு ஒரு தொகையும், அந்த அலுவலகப் பணியாளர்களுக்குப் பயிற்சியும். மன்னிப்பு என்ற சொல் அந்த ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

விசாவைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை. சட்டத்தின் வாசகமே "எந்த நபரையும்" என்றுதான் இருக்கிறது, குடிமக்களை மட்டும் என்று இல்லை. புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்குவது தனியான ஒரு சட்டமீறல். இன்னொன்று: "இரண்டு குழந்தைகளா, சத்தம் அதிகமாக இருக்குமே" என்று யாராவது தயங்கினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் உள்ள குடும்பத்தை ஒதுக்குவது 1988 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது.

பதில் 3: நியூஜெர்சித் தமிழன்

இவ்வளவு நம்பிக்கையாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஊர் ஆணையத்தின் கூட்டத்துக்கு மூன்று முறை போனேன். இரண்டு முறை போதிய உறுப்பினர் வராததால் கூட்டமே நடக்கவில்லை. மூன்றாவது முறை மேடையேறிய பொதுமக்கள் ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம் கொடுத்தார்கள், பிறகு உணவுத் திருவிழாவுக்கு எத்தனை கூடாரம் என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். சமோசாவை விரும்பிச் சாப்பிடுகிறவர் வீட்டையும் தருவார் என்று யார் சொன்னது?

பதில் 4: முன்னாள் ஆணையர்

நண்பர் சொல்லும் கூடாரப் பேச்சில் நானும் உட்கார்ந்து நெளிந்திருக்கிறேன், ஐயா, மறுக்கவில்லை. ஆனால் விழாவை நடத்தியவர்களுக்கே தெரியாத ஒரு பயன் அதில் உண்டு. எங்கள் அலுவலகப் படியேறிப் புகார் சொல்லத் தயங்கியவர்கள், விழாவில் நாங்கள் போட்டிருந்த மேசைக்கு வந்து, முதலில் துண்டறிக்கையைப் புரட்டி, பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்குத் தெரிந்த ஒருவருக்கு நடந்தது" என்று ஆரம்பிப்பார்கள். பெரும்பாலும் அந்த ஒருவர் அவர்களேதான்.

பாகுபாடு என்று பேசும்போது நம் வீட்டையும் பார்க்க வேண்டும். சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகரம் சியாட்டில்; நகர மன்றம் 2023 பிப்ரவரியில் அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டு கலிபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய இதேபோன்ற மசோதாவை ஆளுநர் நிராகரித்துவிட்டார். இத்தகைய அமைப்புகளின் முன் நாம் புகார்தாரராக மட்டுமல்லாமல் எதிர்த்தரப்பாகவும் நிற்க நேரலாம் என்பதை நம் சங்கக் கூட்டங்களில் சொன்னால் பலருக்குப் பிடிப்பதில்லை.

கேள்வி கேட்டவர்: பென்சில்வேனியா வாசி

அனைவருக்கும் நன்றி. எங்கள் நகரச் சட்டத்தைப் படித்தேன். விசாரணை அதிகாரம் இருக்கிறது. முதல் வீட்டின் விளம்பரம் இன்னமும் அப்படியே இருக்கிறது, தேதியோடு படமெடுத்துவிட்டேன். நண்பர் தம் அழைப்பு நேரத்தை எழுதிக் கையெழுத்திட்டுத் தந்திருக்கிறார்: மாலை 5.40. வாசனை விஷயத்தையும் எழுதலாமா வேண்டாமா என்று தயங்கினேன். என் மனைவிதான், "அவர் சொன்னபோது நானும் பக்கத்தில்தானே நின்றேன்" என்று சொல்லி, சாட்சி என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதிவிட்டாள். வியாழக்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.