மலைமேல வண்டி வச்சிருக்கவங்க பிரேக் வேலையை வீட்டுல பண்ணலாமா?

கோத்தகிரி பனி:
இன்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர், வைப்பர், பல்பு இதெல்லாம் வீட்டு வாசல்ல மாத்தினா யாரும் சண்டைக்கு வர்றதில்ல. பிரேக்னு வாயெடுத்தா மட்டும் "மலையில இருந்துட்டு அதுல கை வைக்காதீங்க"ன்னு பத்துப் பேர் வந்துடுறாங்க. என் கட்சி நேர் எதிர். சர்வீஸ் புக்குல இருக்க கி.மீ. கணக்கு சமவெளிக்குப் போட்டது. இங்க பேட் (டிஸ்க்கைப் பிடிச்சு நிறுத்துற பிரேக் கட்டை) எவ்வளவு தேஞ்சிருக்குன்னு அடிக்கடி பாக்கணும். பாக்கத் தெரிஞ்சா மாத்தவும் தெரியும்.

முன்சக்கர பேட் மாத்துறது ஒரு மணி நேர வேலை. வண்டி தரையில இருக்கும்போதே வீல் நட்டைத் தளர்த்திடுங்க. அப்புறம் ஜாக்கி, ஸ்டாண்ட். காலிப்பரோட (பேட்டை டிஸ்க் மேல அழுத்துற பகுதி) கீழ் போல்ட்டை மட்டும் கழட்டினா பெரும்பாலான சின்ன கார்ல அது மேல திரும்பிடும். முழுசாக் கழட்டுறதா இருந்தா பிரேக் ஆயில் வர்ற ஹோஸ்ல தொங்க விடாம கம்பி போட்டு ஸ்பிரிங்ல கட்டுங்க. பேட்ல தேயற லைனிங் 3 மி.மீ.க்குக் கீழ இருந்தா புதுசு. ஒரு பக்கம் மட்டும் மாத்தாதீங்க, ரெண்டு பக்கமும் சேர்த்துத்தான். காலிப்பர் நகர்ற கைடு பின்னைத் துடைச்சு சிலிகான் கிரீஸ் வைங்க. வீட்டுல கிடக்கிற சாதா கிரீஸ் வேண்டாம், ரப்பர் உப்பிப் பின் இறுகிடும். அப்புறம் உள்பக்க பேட் மட்டும் தேயும்.

பர்லியார் ஸ்பேனர்:
படிக்க நல்லாத்தான் இருக்கு. தப்பானா என்ன ஆகும்னு ஒரு கணக்குப் போடுவோம். குன்னூர் 1,850 மீட்டர், மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர். ஆளும் மூட்டையும் சேர்த்து 1,300 கிலோ வண்டி இறங்கினா கிட்டத்தட்ட 19 மெகாஜூல் எங்கேயாவது போய்த்தான் ஆகணும். 80 கி.மீ. வேகத்துல இருந்து ஒரு தடவை நிறுத்துறதுக்கு 0.3 மெகாஜூல். ஒரு இறக்கம்னா அது மாதிரி 60 தடவை. காத்தும் செகண்ட் கியரும் ஒரு பங்கை எடுத்துக்கும், மீதி டிஸ்க்குக்கு. சமவெளியில ஊருக்குள்ள ஓட்டுறவன் பேட்டைக் கோணலா மாட்டினா சத்தம் கேட்டுத் திரும்பி வருவான். இங்க எந்த வளைவுல தெரிய வரும்?

அதோட, ஜாக்கி வைக்கச் சமதளம் எத்தனை வீட்டுல இருக்கு? வாசலே சரிவு. ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின்னாடி தூக்கினா அதுவும் போச்சு.

கோத்தகிரி பனி:
சரிவுல தூக்கக் கூடாதுங்கிறதுல நானும் உங்க பக்கம்தான். கல்லு வச்சாலும் வேண்டாம். சமதளம் இல்லாதவங்க பள்ளிக்கூட மைதானம், கல்யாண மண்டப வாசல்னு கேட்டு நிறுத்திக்கலாம். ஆனா உங்க 19 மெகாஜூல் என் பக்கம்தான் பேசுது. அவ்வளவு சூடு ஏறுற இடத்துல பிரேக் ஆயில் எத்தனை வருஷம் பழசுன்னு யாருக்காவது தெரியுமா? டாட் 4ங்கிற தரத்து ஆயில் புதுசா இருக்கும்போது 230 டிகிரிக்கு மேலதான் கொதிக்கணும்னு தர விதி. 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்தா அதுவே 155. டாட் 3ன்னா 140. பிரேக் ஆயில் காத்துல இருக்க ஈரத்தை இழுக்கும், நம்ம மஞ்சுக்கும் மழைக்கும் கேக்கவே வேண்டாம். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். ஷெட்டுல கேளுங்க, "மட்டம் சரியா இருக்கு சார்"னு மூடிடுவாங்க. மட்டம் பாக்கிறதும் மாத்துறதும் ஒண்ணா?

லவ்டேல் 800:
நடுவுல ஒரு சந்தேகம். மேட்டுப்பாளையத்துல மிருதுவா இருக்க பெடல் ஊட்டியில கொஞ்சம் கட்டியாகுது. மிதிக்கிற பலத்தைக் கூட்டுற பூஸ்டர் போயிடுச்சா? அப்புறம், காலையில முதல் ரெண்டு பிரேக்குக்கு கரகரன்னு சத்தம்.

பர்லியார் ஸ்பேனர்:
கரகரப்பு ராத்திரி ஈரத்துல டிஸ்க் மேல படிஞ்ச துரு. நாலு பிரேக்குல போயிடும், போகலன்னா பாருங்க. பெடல் விஷயம் கோளாறே இல்ல. பூஸ்டர் வேலை செய்யறது வெளிக் காத்தழுத்தத்துக்கும் உள்ள இருக்க வெற்றிடத்துக்கும் உள்ள வித்தியாசத்துல. கடல் மட்டத்துல வெளி அழுத்தம் 101 கிலோபாஸ்கல், ஊட்டியில சுமார் 77. அதனால உதவி கால்வாசி குறையும். சோதிக்கணும்னா இன்ஜினை அணைச்சு அஞ்சாறு தடவை பெடலை மிதிங்க. மிதிச்சபடியே ஸ்டார்ட் பண்ணுங்க. கால் கொஞ்சம் கீழ இறங்கினா பூஸ்டர் நல்லா இருக்கு.

கட்டியான பெடல் பயமில்லை. ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கற பெடல்தான் பயம். அதுலயும் ஒண்ணு: ஆயில் கொதிக்கிறது ஓடும்போது மட்டும் இல்ல. கால்லயே பிரேக் பிடிச்சு இறங்கி வந்து பர்லியார்ல டீக்கு நிறுத்துவாங்க. காத்து நின்னதும் டிஸ்க் சூடு காலிப்பருக்குள்ள ஏறும். கிளம்பி முதல் வளைவுல மிதிச்சா பெடல் அடி வரைக்கும் போகும். கிளம்புறதுக்கு முன்னாடி நின்ன இடத்துலயே மிதிச்சுப் பாருங்க.

கோத்தகிரி பனி:
சரி, இப்ப ஆயில் மாத்துற விஷயத்துக்கு வர்றேன். சின்ன கார்னா சீல் பிரிக்காத அரை லிட்டர் டப்பா ரெண்டு வாங்கிக்குங்க. ரிசர்வாயர் (வண்டியில இருக்க பிரேக் ஆயில் தொட்டி) மூடியில டாட் 3ன்னு போட்டிருந்தா டாட் 4 ஊத்தலாம், டாட் 5 மட்டும் கூடாது, அது சிலிகான். ரிசர்வாயர்ல இருக்க கறுப்பை ஊசி சிரிஞ்சால உறிஞ்சிட்டுப் புதுசு நிரப்புங்க. சக்கரத்துக்கிட்ட ஆயிலை வெளிய விடுற நிப்பிள்ல ரிங் ஸ்பேனரை முதல்ல போட்டு, அது மேல தெளிஞ்ச டியூபை மாட்டி, மறு முனையைக் கொஞ்சம் ஆயில் இருக்க பாட்டில்ல முக்குங்க. ஒருத்தர் மெதுவா மிதிச்சுப் பிடிக்கணும், இன்னொருத்தர் நிப்பிளைக் கால்வாசி சுத்து திறந்து, பெடல் மேல வர்றதுக்கு முன்னாடி மூடணும். அஞ்சு மிதிக்கு ஒரு தடவை ரிசர்வாயரைப் பாருங்க. மாஸ்டர் சிலிண்டர்ல (பெடலை மிதிச்சா ஆயிலைத் தள்ளுற பகுதி) இருந்து தூரமான சக்கரம் முதல்ல, நம்ம ஊர் வண்டிக்கு இடது பின்சக்கரம். ஒரு முன்சக்கரமும் எதிர்ப்பக்கப் பின்சக்கரமும் ஒரே ஆயில் பாதையில வர்ற குறுக்குச் சுற்று வண்டிக்கு மேனுவல் வேற வரிசை சொல்லும், அப்ப மேனுவல்தான்.

பர்லியார் ஸ்பேனர்:
இங்கதான் நான் நிக்கிறேன். நீங்க சொன்னதுல மூணு ஓட்டை.

ஒண்ணு, பழைய வண்டியில பெடலை அடி வரைக்கும் மிதிச்சா மாஸ்டர் சிலிண்டர்ல இதுவரை ரப்பர் போகாத துருப்பிடிச்ச பகுதியில சீல் உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில ஒரு மரக்கட்டை வைக்கச் சொல்லணும். ரெண்டு, இந்த ஈரத்துல நிப்பிள் துருவேறி இறுகியிருக்கும். முந்தின நாளே துருநீக்கி அடிச்சு வைக்காம பலம் போட்டா முறிஞ்சு காலிப்பரோட போச்சு. மூணு, ஏபிஎஸ் (அழுத்திப் பிடிச்சாலும் சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கிற யூனிட்). 2019 ஏப்ரலுக்கு அப்புறம் வித்த புது கார் எல்லாத்துலயும் அது உண்டு. ஒரு தடவை ரிசர்வாயர் காஞ்சு அந்த யூனிட்டுக்குள்ள காத்து போயிடுச்சுன்னா ஸ்கேனர் (வண்டி கம்ப்யூட்டர்ல மாட்டுற கருவி) இல்லாம பல வண்டியில வெளிய வராது.

கோத்தகிரி பனி:
மரக்கட்டை நான் விட்டது தப்பு, ஒத்துக்கறேன். ஏபிஎஸ்ல உங்க பேச்சு "காஞ்சா"ங்கிற வார்த்தையில நிக்குது. காயாம பாத்துக்கிட்டா என்ன? இன்னும் சொன்னா பேட் மாத்தும்போதே ஏபிஎஸ் கெடலாம். பிஸ்டனைச் சி கிளாம்ப் வச்சு உள்ள தள்ளினா காலிப்பர்ல இருக்க அழுக்கு ஆயில் பின்னாடி அந்த யூனிட்டுக்குத்தான் போகுது. நிப்பிளைத் திறந்து வெளிய விட்டபடி தள்ளி, பிஸ்டன் நின்னதும் மூடுறதுதான் சுத்தமான வேலை. நிப்பிளைத் தொடவே கூடாதுன்னா எப்படி?

பர்லியார் ஸ்பேனர்:
சிரிஞ்சால ரிசர்வாயரை முன்கூட்டியே குறைச்சுட்டு மெதுவா தள்ளினா போதும். மட்டம் குறைஞ்சிருக்குன்னு வழியில ஆயில் ஊத்தினவங்களுக்குத்தான் வழிஞ்சு பெயின்ட் உரியும். பேட் தேஞ்சாலே மட்டம் இறங்கும், அதுக்கு ஆயில் ஊத்தத் தேவையில்ல. சமதளமும் ரெண்டு ஆளும் இருந்தா பேட் வரைக்கும் பண்ணுங்க. ஏபிஎஸ் வண்டியில ஆயில் மாத்துறது ஸ்கேனர் இருக்க ஷெட்டுல, பக்கத்துல நின்னு, டப்பா சீலை உங்க கண் முன்னாடி பிரிக்கச் சொல்லி.

லவ்டேல் 800:
என்னுதுல ஏபிஎஸ் இல்ல. பின்னாடி டிஸ்க் இல்ல, டிரம் பிரேக்.

கோத்தகிரி பனி:
அப்ப ரெண்டு பேர் சொன்னதும் உங்களுக்கு ஒண்ணுதான். டிரம்மைக் கழட்டினா தூசியை ஊதாதீங்க, ஈரத் துணியால எடுங்க. டிரம்முக்குள்ள இருக்க சிலிண்டர் ரப்பர் ஓரம் ஈரமா இருந்தா சிலிண்டரையே மாத்திடுங்க. பெட்ரோல், மண்ணெண்ணெய் விட்டுக் கழுவ வேண்டாம், அந்த ரப்பர் உப்பிடும். மழைக்காலத்துல ரெண்டு மூணு நாள் நிக்கப் போற வண்டிக்கு ஹேண்ட் பிரேக் போடாம கியர்ல விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை குடுங்க, டிரம்மைப் பிடிக்கிற பிரேக் ஷூ அதோட ஒட்டிக்காது.

பர்லியார் ஸ்பேனர்:
எல்லாம் மாட்டினதும், நகர்த்துறதுக்கு முன்னாடி பெடல் கட்டியாகுற வரைக்கும் மிதிங்க. பிஸ்டன் உள்ள போயிருக்கும், முதல் ரெண்டு மிதிக்குப் பிரேக்கே இருக்காது. புது பேட் படியறதுக்கு வேகத்தை 50 கி.மீ.ல இருந்து 10க்கு எட்டு பத்து தடவை குறைக்கணும். அதை இறக்கத்துல பண்ணாதீங்க. லேசான ஏத்தத்துல பண்ணினா நடுநடுவுல ஆறவும் நேரம் கிடைக்கும். முதல் நாளே கல்லட்டி மலைப்பாதையோட 36 வளைவையும் இறங்கிப் பாக்கணும்னு கிளம்பிடாதீங்க.

லவ்டேல் 800:
மிச்சம் கால் டப்பா ஆயிலை அடுத்த தடவைக்கு வச்சுக்கலாமா?

கோத்தகிரி பனி:
திறந்த டப்பாவா? வேண்டாம், இந்த ஊர் ஈரத்துக்கு அது பழைய ஆயில்தான்.

பர்லியார் ஸ்பேனர்:
இதுல மட்டும் நானும் அவரும் ஒரே கட்சி. பழசை இன்ஜின் ஆயில் கேன்ல கலக்காம தனியா மூடி, கழிவு ஆயில் எடுக்கிறவங்ககிட்ட குடுங்க. டீத்தோட்ட ஓடையில ஊத்திடாதீங்க.