ஓபி-யில் கணினி வந்தும் ரெஜிஸ்டர் போகவில்லை, என்ன செய்யலாம்?

ஸ்டாஃப் நர்ஸ், தாலுகா மருத்துவமனை:
வணக்கம். எங்களிடம் ஓபி (வெளிநோயாளர் பிரிவு), லேப், மருந்தகம் மூன்றுக்கும் கணினி வந்துவிட்டது. ஆனால் டாக்டர்கள் இன்னும் சீட்டில்தான் எழுதுகிறார்கள். மருந்தகத்தில் சேரும் சீட்டுகளைப் பார்த்து டேட்டா என்ட்ரி தம்பி மாலையில் ஏற்றுகிறார். ரெஜிஸ்டரும் தனியாக எழுதுகிறோம். இன்னொரு தொல்லை, பழைய சீட்டு கொண்டு வராதவர்களுக்குக் கவுன்டரில் புது எண் போட்டுவிடுகிறார்கள். லேப் ரிசல்ட் பழைய எண்ணிலேயே கிடக்கிறது. போன மாதச் சர்க்கரை அளவு தெரியாமல் எப்படி மாத்திரை எழுதுவது? சாஃப்ட்வேரை மாற்றச் சொல்லலாமா?

மருந்தாளுநர், வேறு மாவட்டம்:
வேண்டாம் மேடம், மாலையில் ஏற்றும் பழக்கம் இருக்கும் வரை எந்த சாஃப்ட்வேர் வந்தாலும் இதே கதைதான். என்ட்ரி போட்டால்தான் அடுத்த வேலை நகரும் என்று இருக்க வேண்டும். கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் அரசின் பிக்மி இணையதளத்தைப் பாருங்கள். அதில் பதிந்தால் கிடைக்கும் ஆர்சிஹெச் எண் இருந்தால்தான் பிறப்புச் சான்றிதழ் என்றதும் கர்ப்பிணிகள் பதிவை யாரும் விடுவதில்லை. எங்கள் மருந்தகத்தில் திரையில் வந்த மருந்தைத்தான் கொடுக்கிறோம், அப்போதே ஸ்டாக்கிலும் கழிந்துவிடும்.

டாக்டர்:
அதற்கு டாக்டருக்கும் வழி செய்து கொடுக்க வேண்டும். காலைக் கூட்டத்தில் ஒவ்வொரு மருந்தாக டைப் செய்யச் சொன்னால் கை பேனாவுக்குத்தான் போகும். அடிக்கடி எழுதும் மருந்துகளை அளவோடு முன்கூட்டியே போட்டு வைக்கச் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரையான மெட்பார்மின் 500, காலை இரவு, 30 நாள் என்பது ஒரே கிளிக்கில் வர வேண்டும். இங்கிலாந்தில் மருத்துவமனைகளைக் கணினிமயமாக்க 2002-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தைப் பல நூறு கோடி பவுண்டு செலவழித்த பிறகு 2011-ல் கலைப்பதாக அறிவித்தார்கள். வார்டில் வேலை பார்ப்பவர்களைச் சரியாகக் கலந்து பேசாமல் மேலிருந்து இறக்கியது அதன் பெரிய குறை.

அப்புறம், புது எண் போடும் முன் செல்போன் எண்ணை வைத்துத் தேடச் சொல்லுங்கள். ஒரே போனில் குடும்பமே இருக்கும், வயதையும் பார்க்க வேண்டும்.

ஸ்டாஃப் நர்ஸ்:
நன்றி சார். ரெஜிஸ்டரை நிறுத்தினால் ஆடிட்டில் கேட்பார்களே என்று பயப்படுகிறார்கள்.

மருந்தாளுநர்:
நியாயமான பயம்தான், வாய் வார்த்தையை நம்பி நிறுத்தாதீர்கள். தலைமை மருத்துவர் மூலம் ஜேடி (நலப்பணிகள் இணை இயக்குநர்) அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தினசரி அறிக்கையை பிரின்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு ஃபைலில் வையுங்கள். கரண்ட் போகும் நாளுக்கு வரிசை எண் அடித்த சீட்டு போதும். அதை மறுநாள் யார் ஏற்றுவது என்று இப்போதே பெயர் குறித்துவிடுங்கள்.