விசைகள் உள்ள கைப்பேசியா, தொடுதிரையே போதுமா? தமிழில் நீளமாகத் தட்டுபவனுக்கு வழி சொல்லுங்கள்

மாலைவெயில்:
வணக்கம். புதிய கைப்பேசி வாங்க வேண்டும். ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. நான் மொழிபெயர்ப்பு வேலை செய்பவன். வெளியூர் போகும்போதெல்லாம் பத்தி பத்தியாகக் கைப்பேசியிலேயே தமிழில் தட்டுவது வழக்கம். கணினியில் தமிழ்99 பழகிய கை என்பதால் கைப்பேசியிலும் அதே விசைப்பலகைதான்.

இப்போது வைத்திருப்பது, இரண்டு பக்கமும் திரை வளைந்து இறங்கும் வகை. பார்க்க அழகு, தட்டினால் எரிச்சல். 'பயணச் செலவு' என்று அடித்தால் 'பணச் செலவு' என்று வந்து நிற்கிறது. 'ஞாயிறு' பாதி நேரம் 'ஆயிறு' ஆகிவிடுகிறது. 'சட்டம்' என்பதில் முதல் எழுத்தே விழுவதில்லை. திருத்தித் திருத்தியே பொழுது போகிறது. முன்பு, பக்கவாட்டில் நகர்த்தினால் விசைகள் வெளியே வரும் கைப்பேசி ஒன்று வைத்திருந்தேன். விரலுக்கு அடியில் ஏதோ ஒன்று அமுங்கியது என்ற நம்பிக்கை அதில் இருந்தது. அப்படிப்பட்டவை இன்றும் புதிதாகக் கிடைக்கின்றனவா? வாங்கலாமா?

பொத்தான்பிரியன்:
கிடைக்கின்றன நண்பரே, ஆனால் விரல்விட்டு எண்ணிவிடலாம். யூனிஹெர்ட்ஸ் நிறுவனத்தின் டைட்டன் வரிசை இருக்கிறது. திரைக்குக் கீழே நிரந்தரமாக விசைகள். கைப்பேசியை மாற்ற வேண்டாம் என்றால், 2024-இல் வந்த கிளிக்ஸ் என்ற உறை இருக்கிறது. முதலில் ஐபோனுக்கு வந்தது. ஐபோனை அதற்குள் செருகினால் அடியில் விசைகள் நீண்டு நிற்கும், கைப்பேசியும் அந்த அளவுக்கு நீளமாகிவிடும்.

பழைய பிளாக்பெர்ரியை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். அதன் சொந்த இயங்குதளத்தில் ஓடியவற்றுக்கான சேவைகள் 2022 ஜனவரி 4-ஆம் தேதியோடு நின்றுபோயின. 2017, 2018-இல் வந்த கீஒன், கீ2 ஆகியவை ஆண்ட்ராய்டில் ஓடுபவை, அந்தக் கணக்கில் வராது. ஆனால் அவற்றுக்கும் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் எப்போதோ நின்றுவிட்டன. வங்கிச் செயலி வைத்திருப்பவர் தொட வேண்டாம்.

என்னைக் கேட்டால், விசையில் தட்டும் சுகம் கண்ணாடியில் வராது. திரையைப் பார்க்காமலே எழுதுவேன். விரலுக்கு எல்லை தெரியும்.

எழுத்தாணி:
பொத்தான்பிரியன் சொன்னது ஆங்கிலத்துக்குச் சரி. கேட்பவர் தமிழ்99-இல் எழுதுகிறார் என்பதை விட்டுவிட்டீர்களே!

தமிழ்99-க்கு 31 விசைகள் வேண்டும்: உயிர் 12, மெய்வரிசை 18, ஆய்தம் 1. ஆங்கில எழுத்துகளுக்கான விசைகள் 26. மீதி ஐந்தைக் கணினியில் நிறுத்தற்குறி விசைகளில் வைத்திருக்கிறார்கள். சதுர அடைப்புக்குறிகள் இரண்டிலும் ச, ஞ. அரைப்புள்ளியில் ந. மேற்கோள் குறியில் ய. சாய்கோட்டில் ழ. கைப்பேசியில் பதித்திருக்கும் குட்டி விசைப்பலகையில் அந்த ஐந்துக்கும் பொதுவாகத் தனி விசை கிடையாது. மாற்று விசையோடு சேர்த்து அழுத்தினால்தான் நிறுத்தற்குறிகள் வரும். 'மகிழ்ச்சி' என்று எழுதுங்கள்: ம, க, இ, ழ, புள்ளி, ச, ச, இ என்று எட்டு தட்டல். இரட்டை 'ச' அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுந்துவிடும் என்பதால் எட்டோடு போயிற்று. அந்த எட்டில் மூன்று, இல்லாத விசைகளில் போய் விழுகின்றன. கணினியில் பழகிய வேகம் அங்கே உடைந்துவிடும்.

இன்னொன்று: திரையில் வரும் தமிழ்ச் செயலிகள் எல்லாமே உண்மையான விசை அழுத்தத்தை வாங்கித் தமிழாக மாற்றித் தருவதில்லை. சில செயலிகள் விசையை அழுத்தினால் வெறும் ஆங்கிலத்தை விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஆங்கில ஒலிப்பு வழியாகத் தமிழ் அடிப்பவருக்கு 26 விசைகள் போதும். அவர்கள் தாராளமாக வாங்கலாம்.

2008-இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நகர்த்தும் விசைப்பலகைதான். திரையில் தட்டும் வசதியே அப்போது இல்லை, 2009-இல் 1.5 பதிப்போடுதான் வந்தது. அந்த விசைகளில் அச்சடித்தது அடித்ததுதான். திரை என்று வந்த பிறகுதான் நம் எழுத்துகளை நம் வரிசையிலேயே விசையின் மேல் பார்க்க முடிந்தது. தொடுதிரையைத் திட்டும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

கூர்நோக்கி:
மாலைவெயில் ஐயா, வாங்குவது பிறகு இருக்கட்டும். நீங்கள் கொடுத்த மூன்று பிழைகளையும் பாருங்கள். விடுபட்ட எழுத்துகள் ய, ஞ, ச. திரையில் தமிழ்99 வரிசையை விரித்துப் பாருங்கள்: மேல் வரிசையின் வலக்கோடியில் ச, ஞ, நடு வரிசையின் வலக்கோடியில் ய. மூன்றும் வலது விளிம்பில் உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் இருக்கும் க, ப, எ ஆகியவற்றில் பிழை வருவதாக நீங்கள் சொல்லவே இல்லை. மேல் வரிசையில் 12 விசைகள், ஆங்கிலத்தில் பத்துதான். அதனால் ஒவ்வொன்றும் ஒடுங்கிப்போய், கடைசி விசை வளைவின் மேலேயே ஏறிவிடுகிறது.

ஒரு சோதனை செய்யுங்கள். அமைப்புகளில் 'கைப்பேசி பற்றி' என்பதற்குள் போய் 'பில்டு எண்' என்பதை ஏழு முறை தட்டினால் 'டெவலப்பர் விருப்பங்கள்' திறக்கும். அதில் 'பாயிண்டர் லொகேஷன்' என்பதை இயக்குங்கள். விரல் போகும் இடமெல்லாம் திரையில் கோடு விழும். கைப்பேசியை மேசையில் வைத்து, வலது விளிம்பை ஒட்டி மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுங்கள். பிறகு வழக்கம்போலக் கையில் பிடித்துக்கொண்டு அதையே செய்யுங்கள். சார்ஜர் செருகியிருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். தரமற்ற சார்ஜரின் மின் இரைச்சலாலும் தொடுதிரை தடுமாறும்.

மாலைவெயில்:
செய்து பார்த்தேன். மேசையில் வைத்து இழுத்தால் கோடு அறுபடாமல் கீழே வரை வருகிறது. கையில் பிடித்து இழுத்தால் நடுவில் துண்டு துண்டாக நிற்கிறது. உச்சியில் தொடுகைகளின் எண்ணிக்கை காட்டும் இடத்தில் ஒன்றுக்குப் பதில் இரண்டு என்று வந்துவந்து போகிறது. நான் ஒரு விரல்தான் வைத்தேன்!

கூர்நோக்கி:
இரண்டாவது உங்கள் உள்ளங்கை. வலது கட்டைவிரலின் அடிச்சதை வளைந்த கண்ணாடியின் மேல் படுகிறது. கையில் பிடித்திருப்பதைத் தட்டல் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்காக, விளிம்பில் படுவதை மென்பொருள் தள்ளிவிடும். அப்படித் தள்ளும்போது பக்கத்தில் நீங்கள் உண்மையாகவே தட்டிய 'ய'வும் சேர்ந்து போய்விடுகிறது. திரையில் பழுது இல்லை.

இப்போதைக்கு விசைப்பலகைச் செயலியில் 'ஒரு கை' முறை இருந்தால் இயக்குங்கள். விசைகள் இடப்பக்கம் ஒதுங்கி, வலது விளிம்பில் இடம் விடும். இன்னும் ஒடுங்கும் என்பது உண்மைதான். உயரத்தைக் கூட்டிவைத்தால் கொஞ்சம் ஈடாகும். கனமான உறை போட்டாலும் உள்ளங்கை கண்ணாடியிலிருந்து விலகும். புதிதாக வாங்கும்போது தட்டையான திரை. இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இரவுப்பறவை:
விசையில் அடித்தால்தான் வேகம் என்று பலர் அடித்துச் சொல்வதால் இதைச் சொல்கிறேன். 2019-இல் ஆல்டோ, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களும் சூரிக்கின் இ.டி.எச். நிறுவனமும் சேர்ந்து 37,000 பேரைக் கைப்பேசியில் ஆங்கில வாக்கியங்களைத் தட்டச் சொல்லிப் பார்த்தன. சராசரி வேகம் நிமிடத்துக்கு 36 சொற்களுக்குச் சற்று மேல். கண்ணாடியில் தட்டி இவ்வளவு என்றால் குறைச்சல் இல்லை. அதில் எனக்குப் பிடித்தது வேறு: தானியங்கித் திருத்தம் வேகத்துக்கு உதவியது, மேலே வரும் பரிந்துரைச் சொல்லைத் தேடித் தொட்டவர்கள் மெதுவானார்கள். கண் அங்கே போய் வர ஆகும் நேரம்தான் காரணம் என்பது என் எண்ணம். தமிழுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பரிந்துரைப் பட்டையை மறைத்துவிட்டு ஒரு வாரம் எழுதிப் பாருங்கள், விசைகளுக்கும் கூடுதல் இடம் கிடைக்கும்.

நெய்தல்:
எனக்குப் பார்வை மிகக் குறைவு. திரைவாசிப்பானை வைத்துத் தொடுதிரையில் எழுதினால், ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தேடி, அது வாயால் சொல்லக் கேட்டு, பிறகு விரலை எடுக்க வேண்டும். விசையில் அந்தத் தேடல் இல்லை. எஃப், ஜே விசைகளின் மேடு விரலில் பட்டால் போதும், மற்றவை எங்கே என்று கை சொல்லிவிடும். அதனால் விசைகள் பழங்கதை என்று யாரும் முடித்துவிட வேண்டாம். நான் கைப்பேசியோடு தனி புளூடூத் விசைப்பலகை வைத்திருக்கிறேன்.

மாலைவெயில்:
எல்லோருக்கும் நன்றி. ஒரு கை முறையில் இன்று இரண்டு பத்திகள் எழுதினேன்; 'பயணம்' பயணமாகவே வந்தது. தட்டைத் திரையுள்ள கைப்பேசி வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். நெய்தல் சொன்னதைப் பார்த்த பிறகு, நீண்ட வேலைக்கு மடக்கும் புளூடூத் விசைப்பலகை ஒன்றும் வாங்கலாம் என்று தோன்றுகிறது. அதில் தமிழ்99 சரியாக வருமா?

எழுத்தாணி:
வரும், இரண்டு விஷயங்களைப் பார்த்து வாங்கினால். மடக்குப் பலகைகளில் இடம் மிச்சம் பிடிக்க முதலில் கைவைப்பது வலக்கோடியில்தான். சதுர அடைப்புக்குறிகளும் மேற்கோள் குறியும் தனித்தனி விசைகளாக இருக்கின்றனவா, எஃப்.என். விசையோடு சேர்த்து அழுத்த வேண்டுமா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சேர்த்து அழுத்த வேண்டும் என்றால் ச, ஞ, ய மூன்றும் மறுபடி உங்களைப் படுத்தும். இரண்டாவது, பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் தமிழ்ச் செயலி வெளி விசைகளை ஏற்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். யாரிடமாவது சாதாரணக் கணினி விசைப்பலகையை இரவல் வாங்கி, யு.எஸ்.பி. மாற்றியின் வழியாகக் கைப்பேசியில் செருகி ஒரு வரி அடித்தாலே தெரிந்துவிடும்.

பொத்தான்பிரியன்:
மடக்கும் கீல் நடுவில் இருந்தால் ஜி, எச் பக்கத்து விசைகள் பிளந்து அகன்றிருக்கும். தமிழ்99-இல் அங்கே என்ன வருகிறது?

எழுத்தாணி:
எ, க. பழகிவிடலாம். மூன்றாக மடங்கும் பலகை வேண்டாம், அதில் இரண்டு இடத்தில் பிளவு.