அம்பாசடர் மார்க் 3: கொதித்த பிறகு காலையில் குலுங்குகிறது, தண்ணீர் குறைகிறது

கேள்வி (திருவட்டாறு):

என் தந்தையார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் இருக்கும் 1978 ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 3 பற்றிக் கேட்கிறேன், 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். சென்ற மாதம் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு ஏறும்போது வெப்பம் காட்டும் முள் சிவப்பைத் தொட்டு, பானட் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. ரப்பர் தோட்டத்து நிழலில் நிறுத்தி, நன்றாக ஆறிய பிறகே தண்ணீர் ஊற்றி, மெதுவாக ஊர் வந்து சேர்ந்தோம்.

அன்றிலிருந்து காலையில் ஸ்டார்ட் செய்தால் சில நிமிடங்கள் வண்டி குலுங்குகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது, பிறகு ஒருவாறு சீராகிறது. தரையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது. ஏற்றத்தில் இழுவையும் இல்லை. பட்டறையில் இன்ஜினை இறக்கி ரீபோர் செய்ய, அதாவது சிலிண்டர்களைக் கடைந்து அகலப்படுத்தச் சொல்கிறார்கள். நல்ல நிலையில் இருக்கும் பிளாக்கைக் காரணமின்றிக் கடைய எனக்கு மனம் வரவில்லை. முதலில் எதைச் சோதிக்க வேண்டும்?

பதில் (தக்கலை):

ஐயா, ரீபோர் பேச்சை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எல்லாம் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட்டைத்தான் காட்டுகின்றன. இரவில் இன்ஜின் ஆறும்போது ரேடியேட்டரில் மிச்சமிருக்கும் அழுத்தம் தண்ணீரை ஏதோ ஒரு சிலிண்டருக்குள் கசியச் செய்கிறது. காலையில் அந்தச் சிலிண்டர் நனைந்த பிளக்கோடு எரிய மறுப்பதால்தான் குலுக்கல். ஹெட்டில் விரிசல் இருந்தாலும் இதே அறிகுறி வரும் என்பதால், எதையும் கழற்றுவதற்கு முன் சோதித்துவிடுவது நல்லது.

நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசை மாறாமல் வைத்துப் பாருங்கள். தண்ணீர் புகும் சிலிண்டரின் பிளக் மட்டும் ஆவியில் கழுவியதுபோல் வெளுத்திருக்கும். அடுத்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தியபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் கேஜ் வைத்துக் கம்ப்ரஷன் (உள்ளழுத்தம்) பாருங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள்: அளவு ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் கேஸ்கட் அல்லது வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒரே அளவாக இறங்கியிருந்தால், அவற்றுக்கு நடுவே கேஸ்கட் எரிந்துவிட்டது என்று ஏறக்குறைய உறுதியாகவே சொல்லலாம்.

ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்மையான பசை இருந்தால் உடனே பயப்பட வேண்டாம். நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கின்றன. ஈரக்காற்றில் குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் அது இயல்பாகவே படியும். ஆயில் ஸ்டிக்கிலும் ஆயில் வெளுத்திருந்தால்தான் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். அப்படியிருந்தால் வண்டியை ஓட்டவே கூடாது, பேரிங்குகள் போய்விடும்.

கேட்டவர் (திருவட்டாறு):

மிக்க நன்றி. சோதித்தாயிற்று. 1, 4 ஆகிய சிலிண்டர்களில் 120 பவுண்டு அழுத்தமும், 2, 3 ஆகியவற்றில் 75 பவுண்டு அளவும் காட்டுகின்றன. ஆயில் விட்டும் ஏறவில்லை. மூன்றாவது பிளக் வெளுத்திருக்கிறது. ஆயில் சுத்தமாகவே இருக்கிறது.

பதில் (தக்கலை):

அப்படியானால் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். இன்ஜின் முழுவதும் குளிர்ந்த பிறகு, நட்டுகளை ஓரங்களிலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்தச் சொல்லுங்கள். இது வார்ப்பிரும்பு ஹெட். அலுமினிய ஹெட் அளவுக்கு எளிதில் கோணாது என்றாலும், நேர்த்தகடு வைத்துப் பார்க்காமல் மாட்ட அனுமதிக்காதீர்கள். இடைவெளி அளக்கும் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் தகடு அடியில் நுழைந்தால் லேத்தில் பேசிங் செய்ய, அதாவது பரப்பைச் சமமாகச் சீவ வேண்டும். வால்வு சீட்டுகளுக்கு இடையில் விரிசல் உண்டா என்பதையும், பிளாக்கின் மேற்பரப்பையும் அப்போதே பார்த்துவிடுங்கள். மாட்டும்போது நடுவிலிருந்து வெளிப்புறமாக, டார்க் ரென்ச் கொண்டு படிப்படியாக முறுக்க வேண்டும்.

பதில் (நாகர்கோவில்):

மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் வண்டி ஏன் கொதித்தது என்பதைக் கண்டுபிடிக்காவிட்டால் புதுக் கேஸ்கட்டும் அடுத்த ஏற்றத்திலேயே எரியும். குளச்சல், மணவாளக்குறிச்சிப் பக்கம் போகும்போது உப்புக் கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றும் வழக்கம் பலருக்கு உண்டு. அந்த உப்பும் சுண்ணாம்பும் குழாய்களில் படிந்து நீரோட்டத்தை அடைக்கின்றன. ஹெட் கழற்றியிருக்கும்போதே ரேடியேட்டரைத் தனியே எடுத்து அடைப்பு நீக்குங்கள். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வடிகுழாயைத் திறந்தால் துருச்சேறு எவ்வளவு இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். தெர்மோஸ்டாட்டைச் சூடான தண்ணீரில் போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள்; அதை எடுத்தெறிந்துவிட்டு ஓட்டுவது தீர்வாகாது. ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் என்பதால், அதைப் புதிதாகவே வாங்கிவிடலாம்.

பிளக் பொறிவிடும் டைமிங் பின்தங்கியிருந்தாலும் இன்ஜின் சூடாகும். இப்போது கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலில் பழைய கார்புரேட்டரின் கலவை மெலிந்துவிடுகிறது. அதனால் கலவையில் பெட்ரோலைச் சற்றே கூட்டி வைக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரமும் ரப்பர் குழாய்களும் அந்த எரிபொருளைத் தாங்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் கிணற்று நீரைத் தவிர்த்து, டிஸ்டில்டு வாட்டரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். இன்ஜினை ஒரு முறை நன்றாகச் சூடேற்றி, ஆறவிட்டு, ஹெட் நட்டுகளை மீண்டும் சரிபார்த்து, வால்வுகளை இயக்கும் டேப்பட்டின் இடைவெளியைத் திருத்திய பிறகே பேச்சிப்பாறைப் பக்கம் ஏற்றுங்கள்.