பட்டப்பகலில் நடமாடும் நோஸ்ஃபெராட்டு: என் டிஸ்க்கில் கோளாறா?

பழையரீல்:
வணக்கம். பழைய பேய்ப்படங்களையும் அறிவியல் புனைவுப் படங்களையும் டிஸ்க்காகச் சேர்க்க ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. போன மாதம் ஐம்பது படங்கள் அடங்கிய டிவிடி பெட்டி ஒன்று பழைய கடையில் மலிவாகக் கிடைத்தது, ஆசையில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். முதலில் போட்டது 1922-இல் வந்த நோஸ்ஃபெராட்டு என்ற ஜெர்மன் மௌனப் பேய்ப்படம். முகமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருக்கிறது, ஆட்கள் கோழி மாதிரி விடுவிடுவென்று ஓடுகிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் கதையில் வரும் ரத்தக்காட்டேரிப் பிரபு தன் சவப்பெட்டியைத் தானே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நல்ல வெயிலில் தெருவில் போகிறான், கடைசியில் பார்த்தால் அதே வெயில் பட்டுத்தான் சாகிறான்! என் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். படமே இப்படித்தானா? நல்ல பதிப்பு எது? என்னிடம் இருப்பது இங்கே வாங்கிய சாதாரண ப்ளூரே பிளேயர்.

நிழல்வேட்டை:
உங்கள் தம்பி சிரித்ததில் தப்பே இல்லை. அந்தக் காலத்து பிலிமுக்கு இரவில் வெளியே படம் பிடிக்கும் தெம்பு கிடையாது. பகலில் எடுத்துவிட்டு, பிரின்ட்டை நீலச் சாயத்தில் முக்கி எடுப்பார்கள். நீலம் வந்தால் இரவு என்று அன்றைக்குப் படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். உங்கள் பெட்டியில் இருப்பது சாயம் இல்லாத ஏதோ ஒரு பிரதியிலிருந்து, பிரதிக்குப் பிரதி எடுத்து வந்தது, அதனால்தான் ராத்திரி எல்லாம் பகலாகிவிட்டது. விடுவிடு ஓட்டத்துக்குக் காரணம் வேகம்: மௌனப் படங்களைக் கையால் சுற்றி, வினாடிக்கு 18 ஃபிரேம் வாக்கில் எடுத்தார்கள், அதை 24-இல் ஓட்டினால் யாராக இருந்தாலும் கோழிதான்.

இந்தப் படம் மிஞ்சியதே பெரிய விஷயம். டிராகுலா கதையை அனுமதி வாங்காமல் எடுத்துவிட்டார்கள் என்று அந்த நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்கச் சொல்லி ஜெர்மனியில் தீர்ப்பே வந்தது. அங்கங்கே தப்பித்த பிரதிகளை வைத்து ஒட்டவைத்ததுதான் இன்று நாம் பார்ப்பது. படத்தின் இயக்குநர் பெயரில் உள்ள முர்னாவ் அறக்கட்டளை 2006-இல் செப்பனிட்ட பதிப்பை வாங்குங்கள், சாயம் உண்டு, சுமார் 94 நிமிடம் ஓடும். அட்டையின் பின்பக்கம் நிமிடக் கணக்கைப் பார்க்காமல் எந்த மௌனப் படத்தையும் வாங்காதீர்கள்.

சிங்கைவாசி:
வாங்குவதற்கு முன்னால் ரீஜனைப் பாருங்கள், அதாவது எந்த நாட்டுப் பிளேயரில் டிஸ்க் ஓடும் என்று போடும் பூட்டு. ப்ளூரேயில் அமெரிக்கா ஏ, பிரிட்டன் பி, இந்தியா சி. சிங்கப்பூரும் ஏ-தான் என்பதால் எனக்கு அமெரிக்க டிஸ்க் ஓடும், உங்கள் பிளேயரில் ஓடாமல் போகலாம். ரீஜன் பூட்டே போடாத ப்ளூரேக்களும் நிறைய உண்டு, கேட்டு வாங்குங்கள். 4கே டிஸ்க்கில் இந்தத் தொல்லையே இல்லை, ஆனால் அதற்கு வேறு பிளேயர் வேண்டும். நான் ஒருமுறை பிரிட்டிஷ் பெட்டி ஒன்றை அட்டைப் படத்துக்காகவே வாங்கி, இரண்டு வருடம் அலமாரியில் வைத்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடலூர்க்காரன்:
எல்லாம் சரி, அதற்காக அந்த ஐம்பது படப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் நைட் ஆஃப் த லிவிங் டெட் (1968) என்ற அமெரிக்க ஜாம்பி படம் இருக்கிறதா? இருக்கும், இந்த மாதிரிப் பெட்டியில் அது இல்லாமல் இருக்காது. முதலில் வைத்த தலைப்பை மாற்றியபோது தலைப்பு அட்டையில் இருந்த காப்புரிமைக் குறிப்பும் சேர்ந்து போய்விட்டது, அன்றைய அமெரிக்கச் சட்டப்படி குறிப்பு இல்லை என்றால் உரிமையும் இல்லை. அதனால் யார் வேண்டுமானாலும் பிரதி போட்டு விற்றார்கள். பல வருடம் கழித்து மூல நெகட்டிவிலிருந்தே செப்பனிட்டார்கள், கிரைட்டீரியன் என்ற அமெரிக்க டிஸ்க் நிறுவனம் அதை 2018-இல் ப்ளூரேயாக வெளியிட்டது. முதலில் உங்கள் பெட்டியில் பாருங்கள், அப்புறம் இதைப் பாருங்கள், இரண்டும் ஒரே படம் என்று நம்பவே முடியாது.

இன்னொன்று, டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் வெள்ளி நிறமாக இருந்தால் ஆலையில் அச்சடித்தது, ஊதா அடித்தால் யாரோ கம்ப்யூட்டரில் எரித்தது. எரித்த டிஸ்க்கை நம்பிப் பணம் போடாதீர்கள்.

பழையரீல்:
எல்லாருக்கும் நன்றி. என் அட்டையில் 64 நிமிடம் என்று இருக்கிறது! டிவியில் நீலத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு அந்தச் சவப்பெட்டிக் காட்சியை மறுபடி போட்டேன், தம்பி இந்தத் தடவை சிரிக்கவில்லை. அடுத்தது மெட்ரோபோலிஸ் (1927-இல் வந்த ஜெர்மன் மௌன அறிவியல் புனைவுப் படம்) வாங்க ஆசை, எதை வாங்கலாம்?

நிழல்வேட்டை:
2010-இல் வந்தது, வேறு எதையும் தொடாதீர்கள். தொலைந்துபோன சுமார் 25 நிமிடம் 2008-இல் அர்ஜென்டினாவின் புவனோஸ் அயர்ஸில் 16 எம்எம் (அகலம் குறைந்த பிலிம்) பிரதியாகக் கிடைத்து, அதையும் சேர்த்திருக்கிறார்கள். நடுநடுவே படம் சிறுத்து, மழை மாதிரி கோடு கோடாக வரும். அதுதான் அந்த 25 நிமிடம், டிவியைத் தட்டாதீர்கள்.