தோமெனிக்கினோ வரைபடங்களில் இருக்கும் கட்டங்கள் எதற்கு?

சாக்குக்கட்டி:
ரோமில் சாந்த் ஆந்த்ரேயா தெல்லா வாலே தேவாலயத்துக் குவிமாடத்தின் கீழே, நான்கு முக்கோண வளைவுகளில் இத்தாலிய ஓவியர் தோமெனிக்கினோ நற்செய்தியாளர்களை (நற்செய்தி நூல்களை எழுதிய நால்வரை) 1620களில் வரைந்தார். அவருடைய ஆயத்த வரைபடங்கள் இங்கிலாந்தின் வின்ட்சர் அரண்மனைத் தொகுப்பில் நிறைய உள்ளன. நீலச் சாம்பல் தாள், கருப்பு சாக், வெளிச்சத்துக்கு வெள்ளை. சிலவற்றில் கட்டம் போட்டிருக்கிறது. அந்தத் தாளையேவா சுவரில் வைத்து ஒற்றினார்கள்? கட்டம் பிற்காலத்தில் போட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சாந்துக்கரண்டி:
இல்லை. சுவருக்குப் போவது கார்ட்டூன். கேலிச்சித்திரம் இல்லைங்க, பல தாள்களை ஒட்டி உருவத்தின் முழு அளவில் வரையும் படம். சிறிய படத்தைக் கட்டம் கட்டமாகப் பார்த்து அதில் பெரிதாக்கி வரையத்தான் கட்டம். சிறிய தாளில் 2 செ.மீ. கட்டம், கார்ட்டூனில் 20 செ.மீ. கட்டம் என்றால் பத்து மடங்கு பெருக்கல், அவ்வளவுதான்.

இது ஈரச் சுண்ணாம்புச் சாந்தில் வரையும் ஓவியம் (ஃப்ரெஸ்கோ). சுவரின் கடைசிச் சாந்துப் பூச்சை அன்று வரைந்து முடிக்கக்கூடிய பரப்புக்கு மட்டும் பூசுவார்கள். சாந்து ஈரமாக இருக்கும்போது நிறம் போட்டால்தான் சுண்ணாம்பு இறுகும்போது அதையும் பிடித்துக்கொள்ளும். அந்தப் பரப்புக்கு உரிய கார்ட்டூன் துண்டை வைத்து, கோட்டில் ஊசியால் குத்திய துளைகள் வழியாகக் கரித்தூள் பையைத் தட்டுவார்கள். இல்லையென்றால் மழுங்கிய முனையால் தாளின் மேல் அழுத்திக் கீறுவார்கள். பூசியவுடனே தட்டினால் தாள் ஈரத்தில் ஊறி நீளும், கரி அப்பிக்கொள்ளும். தாமதித்துக் கீறினால் பள்ளத்தின் ஓரம் பொரிந்து உதிரும்.

குறுக்குக்கோடு:
கட்டத்துக்கு வருகிறேன். லென்ஸ் வைத்துப் பாருங்கள். கட்டக்கோடு உருவக் கோடுகளுக்கு மேலே ஓடினால் வரைந்து முடித்த பிறகு போட்டது. ஆனால் யார் போட்டது என்பதை அது சொல்லாது. நகலெடுத்தவரும் கட்டம் போடுவார். கட்டத்துக்குப் பிறகு அதே சாக்கில் தோளையோ காலையோ திருத்தியிருந்தால் ஓவியர் கை என்று நம்ப இடமுண்டு. கட்டம் மட்டும் ஆதாரமாகாது.

வளைவுப்பரப்பு:
குழிந்த பரப்பில் தட்டைத் தாள் மடிப்பு விழாமல் ஒட்டாது, வெட்டித் துண்டு துண்டாகப் பொருத்த வேண்டும். பெரிய கூரை வளைவுகளுக்கு 1693இல் ஓவியர் ஆந்த்ரேயா பொத்ஸோ தன் நூலில் சொன்ன வழி வேறு: வளைவு தொடங்கும் மட்டத்தில் நூல் வலை கட்டி, பார்வையாளர் நிற்கும் புள்ளியில் விளக்கு வைத்தால் வலையின் நிழலே மேலே கட்டமாக விழும். உயரம் அதிகமானால் நிழல் மங்கும். அப்போது அந்தப் புள்ளியிலிருந்து கயிறு இழுத்துக் குறிக்க வேண்டியதுதான்.

சாக்குக்கட்டி:
ஒரே உருவத்தில் துளைப்புள்ளியும் கீறலும் சேர்ந்து வருமா?

சாந்துக்கரண்டி:
வரும். முகம், கைக்குத் துளை. துணி மடிப்புக்குக் கீறல். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் கீறல் தெரியும்.