டச் ஆஃப் ஈவில் முதல் ஷாட்: மான்சினி இசையா, கார் ரேடியோவா?

கிரேன்காரன்:
ஆர்சன் வெல்ஸ் இயக்கிய ‘டச் ஆஃப் ஈவில்’ படத்தின் முதல் ஷாட் சுமார் மூன்று நிமிடம் இருபது வினாடி, ஒரே டேக். பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: மெக்சிகோ எல்லையில் ஓர் ஊர், இரவு. முகம் தெரியாத ஒருவன் கையில் வெடிகுண்டு. டைமரை ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்குத் திருகி, ஒரு காரின் டிக்கியில் வைத்துவிட்டு ஓடிவிடுகிறான். கார் முதலாளி லின்னகரும் கூட வந்த பெண்ணும் ஏறிக் கிளம்புகிறார்கள். கேமரா கிரேனில் எழும்பிக் கூரைகளுக்கு மேலே போய், காரைத் தவறவிட்டு மறுபடி பிடிக்கிறது. வழியில் புதுமணத் தம்பதி வார்காஸும் சூசனும் நடந்து வருகிறார்கள். இரு ஜோடிகளும் ஒரே சோதனைச் சாவடிக்கு வந்து சேர்கிறார்கள். கார் எல்லை தாண்டியதும் வெடிக்கிறது.

1958இல் யுனிவர்சல் வெளியிட்ட பிரதியில் டைட்டில் எழுத்துகள் இந்த ஷாட்டின் மேலேயே ஓடும், ஹென்றி மான்சினியின் பாங்கோ (கையால் அடிக்கும் சின்ன இரட்டை மேளம்) இசையும் கூடவே. 1998இல் எடிட்டரும் ஒலி வடிவமைப்பாளருமான வால்டர் மர்ச் மறுபடி தொகுத்த பிரதியில் இரண்டும் கிடையாது. தெருச் சத்தம், கிளப் வாசல் பாட்டு, கார் ரேடியோ, அவ்வளவுதான். மர்ச் பிரதிதான் உசத்தி என்று எல்லோரும் தலையாட்டுகிறார்கள். என் கட்சி வேறு. டிக்கி மூடியதும் டைமர் கண்ணை விட்டுப் போய்விடுகிறது. சாவடியில் அந்தப் பெண் ‘தலைக்குள்ள டிக் டிக்னு கேட்குது’ என்று புலம்பும் வரை குண்டை ஞாபகப்படுத்த வேறு எதுவும் இல்லை. இடையில் டைமரின் வேலையைப் பார்ப்பது அந்தப் பாங்கோதான்.

ஒலிக்கூடம்:
குண்டு இருக்குன்னு பாங்கோ சொல்லுது, சரி. *எங்கே* இருக்குன்னு சொல்லுதா? கார் ஃபிரேமுக்கு வெளியே போனாலும் உள்ளே வந்தாலும் இசை ஒரே அளவில்தான் அடிக்குது. மர்ச் பிரதியில் காருக்குன்னு ஒரு ரேடியோ சத்தம் இருக்கு. கார் விலகினா தேயும், கிளப் பாட்டு மேலே வரும். வார்காஸும் சூசனும் சிரிச்சுப் பேசிட்டு நடக்கறப்போ பின்னாலிருந்து அந்த ரேடியோ மெல்லக் கேட்கும். காரைக் காட்டவே வேண்டாம், நமக்கு அடிவயிறு கலங்கிடும். நடக்கிறவங்களுக்கு அது வெறும் பாட்டு, நமக்கு அது குண்டு. இந்த வித்தியாசம்தான் சஸ்பென்ஸ்.

டைட்டிலைப் பத்தியும் சொல்லணும். எழுத்து ஓடிட்டிருக்கிற வரைக்கும் ‘படம் இன்னும் ஆரம்பிக்கலை’ன்னு பார்க்கிறவன் சாய்ஞ்சு உட்கார்ந்துடுவான். டிக்கிக்குள்ள குண்டை வெச்சுட்டு அவனைச் சாய விடலாமா?

பிலிம் டப்பா:
சாய விடுவதும் ஓர் உத்திதானே, ஐயா. அசந்த நேரத்தில் அடித்தால் வலிக்கும்.

ஒலிக்கூடம்:
அசந்த நேரத்தில் அடிச்சா அது அதிர்ச்சி, சஸ்பென்ஸ் இல்லை. ஹிட்ச்காக் மேசைக்கு அடியில் குண்டு வெச்சுச் சொன்ன கணக்கு இதுதான்: சொல்லாம வெடிச்சா பதினைந்து வினாடி அதிர்ச்சி, முன்கூட்டியே சொல்லிட்டா பதினைந்து நிமிஷம் தவிப்பு.

கிரேன்காரன்:
மர்ச் பிரதியை ‘வெல்ஸ் பிரதி’ என்று சொல்வதில்தான் எனக்குச் சிக்கல். வெல்ஸ் 1985இலேயே காலமாகிவிட்டார். 1957 டிசம்பரில் ஸ்டூடியோவுக்கு அவர் எழுதிய 58 பக்கக் குறிப்பை வைத்துக்கொண்டு பிறகு செய்த வேலை இது. எந்தப் பாட்டு எந்த வினாடியில் தேயும் என்பதெல்லாம் மர்ச் முடிவு செய்தது.

ஒலிக்கூடம்:
அந்த அளவுகள் மர்ச்சோடதுதான், யார் இல்லைன்னது? ஆனா யோசனை வெல்ஸோடது. தொடக்கத்துக்குப் போட்டிருக்கிற இசை தற்காலிகமானதா இருக்கும்னு நினைக்கிறேன்னு அந்தக் குறிப்பில் எழுதியிருக்கார். கிளப்புக்குக் கிளப் மாறுற, ஒண்ணு மேல ஒண்ணு விழுற பாட்டுகள்தான் வேணும்னும் கேட்டிருக்கார்.

இரண்டாம் ஆட்டம்:
இசை வழக்கை ஓரமாக வையுங்கள். இந்த ஷாட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் தெரிவது பிரேக் கணக்கு. நடக்கிறவர்களும் காரும் ஒரே நேரத்தில் சாவடிக்கு வர வேண்டும். சும்மா விட்டால் கார் ஒரு நிமிடத்தில் ஊரைத் தாண்டிவிடும். அதனால் போக்குவரத்துக் காவலர் கை காட்டுகிறார், தள்ளுவண்டி குறுக்கே வருகிறது, ஆட்டுக்கூட்டம் மறிக்கிறது, கடைசியில் சாவடி. ஒவ்வொன்றும் அந்த ஊர்த் தெருவில் சாதாரணமாக நடப்பதுதான், டைரக்டர் வேண்டுமென்றே வைத்ததாகத் தெரியாது. ஒவ்வொரு தடவை கார் நிற்கும்போதும் தம்பதி அதன் பக்கத்தில் வந்துவிடுகிறார்கள். யாருக்காகப் பயப்படுவது என்பது மாறிக்கொண்டே இருக்கிறது.

வெட்டே இல்லாததால் திரை நேரமும் குண்டின் நேரமும் ஒன்றுதான். நடுவில் ஒரு கட் வைத்திருந்தால் ‘எத்தனை வினாடி விழுங்கினார்கள்’ என்ற சந்தேகம் வந்துவிடும். பிறகு பாங்கோவும் காப்பாற்றாது, ரேடியோவும் காப்பாற்றாது.

மர்மம் தனி. குண்டு வைத்தவன் முகம் இல்லை, கையும் சுவரில் ஓடும் நிழலும்தான். வைத்தது மெக்சிகோவில், வெடித்தது அமெரிக்காவில். அப்படியானால் இது யாருடைய வழக்கு? மெக்சிகோ அதிகாரியான வார்காஸ் உள்ளே நுழைய அந்த ஒரு கேள்வி போதும். படம் முழுக்க ஓடும் சண்டைக்கு வித்து இங்கேயே விழுந்துவிடுகிறது.

பிலிம் டப்பா:
பிரேக் கணக்கு சரி. ஆனால் குறும்படம் எடுக்கிறவர்கள் இதைப் பார்த்துவிட்டுக் கிம்பலை (கேமரா ஆடாமல் பிடிக்கும் கருவி) தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். கலிபோர்னியாவின் வெனிஸில் இதை எடுத்தபோது ராத்திரி முழுக்கப் போனது. சாவடி அதிகாரியாக நடித்தவர் வசனத்தைத் திரும்பத் திரும்ப மறந்தார், ‘வாயை மட்டும் அசை, குரலைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்’ என்று வெல்ஸ் சொன்னார் என்பார்கள். கடைசி டேக் முடியும்போது விடியும் நேரம். வசனம் அதிகமுள்ள இடம் ஷாட்டின் கடைசியில் இருக்கிறது, அங்கே ஒருவர் உளறினால் மூன்று நிமிட உழைப்பும் வீண். கார், வண்டி, ஆடு எல்லாம் முதல் இடத்துக்குத் திரும்ப வேண்டும். வசனத்தை முதல் பாதிக்கு நகர்த்துங்கள், முடியாவிட்டால் டப்பிங்கில் போட்டுக்கொள்ளுங்கள்.

கிரேன்காரன்:
ரேடியோ உத்தியைக் கைபேசியில் பார்க்கிறவர்களுக்கு எப்படிக் கடத்துவது என்று ஒலிக்கூடம் சொல்லட்டும். சின்ன ஸ்பீக்கரில் ரேடியோவும் கிளப் பாட்டும் ஒரே இரைச்சலாகக் கலந்துவிடும். பாங்கோ அங்கேயும் கேட்கும்.

ஒலிக்கூடம்:
அதுக்கு வழி இருக்கு. ரேடியோவை 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டுங்க. கிளப் பாட்டுக்கு பாஸை, அதாவது அடிக்குரல் சத்தத்தை, அப்படியே விடுங்க. ரெண்டும் ஒரே தாளத்தில், ஒரே ரகத்தில் இருக்கக் கூடாது. ஒண்ணு டிரம்ஸுன்னா இன்னொண்ணு பாடுற குரல். திறந்த வெளியில் தூரம் ரெட்டிப்பானா சத்தம் 6 டெசிபல் குறையும். சந்துக்குள்ள சுவர் எதிரொலிக்கும், அங்கே அவ்வளவு குறைக்க வேண்டாம். கார் ஃபிரேமுக்குள்ள வர்றதுக்கு ஒண்ணு ரெண்டு வினாடி முன்னாடியே ரேடியோ வந்துடணும். கூடவே வந்தா அது வெறும் கார் சத்தம்தான். முடிஞ்சா பாட்டை ஒரு ஸ்பீக்கரில் ஓடவிட்டு, தெருவில் மைக் வெச்சு மறுபதிவு பண்ணுங்க. 1973இல் ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’க்கு மர்ச் செஞ்சது அதுதான். கம்ப்யூட்டர் பிளக்-இன்னில் செயற்கையா வர்ற எதிரொலியை விட நூறு மடங்கு நம்பும்படியா இருக்கும்.

கிரேன்காரன்:
இத்தனை பாடுபட்டால்தான் காது கண்டுபிடிக்கும் என்றால், பாங்கோவே போதும் என்பேன்.

இரண்டாம் ஆட்டம்:
ஒரு சோதனை செய்து பாருங்கள். 1998 பிரதியின் அந்த ஷாட்டை ஒலியை அடைத்துவிட்டுப் படம் பார்க்காத ஒருவருக்குக் காட்டுங்கள். ஆட்டுக்கூட்டம் வரும் இடத்தில் நிறுத்தி, குண்டு எங்கே என்று கேளுங்கள். பதில் வந்துவிட்டால் இரண்டு கட்சிக்கும் வேலையில்லை.